ஊர்தி கற்பித்த வாணிகம்

குதிரையின் மூச்சையும் நடையையும் தன் உடம்பால் உணராத வீரன் போர்க்களத்தில் நெடுநேரம் நில்லான். ஊர்பவனுக்கும் ஊர்திக்கும் இடையே அத்தகைய நெருக்கம் இருத்தல் வேண்டும். இக்காலத்து ஊர்திகளுள் அந்நெருக்கத்தை மிகுதியாக உடையது மோட்டார் சைக்கிள் எனலாம். காரில் செல்வோன் கண்ணாடிக்குப் பின்னே இருக்கிறான். மழை அவன்மேல் படுவதில்லை. இயந்திரத்தின் வெப்பம் அவனைத் தீண்டுவதில்லை. மோட்டார் சைக்கிளில் செல்வோனோ இயந்திரத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறான். அதன் நடுக்கம் கைவழியே வருகிறது. வெப்பம் காலில் உறைக்கிறது. சாலையில் கிடக்கும் சிறு மணலும் சக்கரத்தின் வழியே தன் செய்தியைச் சொல்லிவிடுகிறது. சாலைக்கும் அவனுக்கும் இடையே தூதுவர் எவரும் இலர்.

பெருந்தொழில் நடத்துவோர்க்கு இந்த நல்வாய்ப்பு எளிதிற் கிட்டுவதன்று. கடைத்தெருவில் பிறக்கும் குறை, விற்பனையாளர் வாயிலாகவும் மேற்பார்வையாளர் வாயிலாகவும் ஏறி, அறிக்கையாக எழுதப்பட்டுத் தலைவரின் மேசையை அடையும்போது அதன் கூர் முற்றும் மழுங்கிவிடுகிறது. வாங்கியவன் வைததெல்லாம், ‘சிறிது கவனிக்கத் தக்கது’ என்னும் மென்சொல்லாகக் குறுகிவிடும். அரசர்க்கு உரியனவற்றைக் கூறப்புகுந்த வள்ளுவர், ஒற்றாடல் என ஓர் அதிகாரத்தையே தனியே வகுத்து வைத்தார். உள்ளது உள்ளவாறு தலைவன் காதை எட்டுவது எவ்வளவு அரிது என்பதை அவர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வரிய செய்தியை ஊர்தியின்மேல் அமர்ந்தே கேட்டறிந்து, தம் தொழிலை வளர்த்தவர் சிலருடைய வரலாறு ஜப்பான் நாட்டில் உண்டு.

அந்நாட்டில் ஹமாமத்சு என்னும் நகரின் அருகே ஒரு சிற்றூரில் 1906ஆம் ஆண்டு பிறந்தவர் சோயிச்சிரோ ஹோண்டா. தந்தையார் கொல்லுத் தொழிலாளர். பின்னர்ச் சைக்கிள் பழுது பார்ப்பதையும் மேற்கொண்டார். மைந்தர் 15ஆம் வயதில் டோக்கியோ சென்று, மோட்டார் வண்டி செப்பனிடும் கடையொன்றில் பணியாளாகச் சேர்ந்தார். இயந்திரங்களைக் கையால் தொடும் ஆசையோடு சென்ற அவருக்கு முதலில் கிடைத்த வேலை, முதலாளியின் குழந்தையை முதுகில் சுமந்து நிற்பதே. அவர் அதனைப் பொறுத்துக்கொண்டார். குழந்தையைச் சுமந்தவாறே வேலையைக் கண்ணால் கற்றார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் ஜப்பானிய நகரங்கள் பல சாம்பர்க் குவியலாகக் கிடந்தன. ரயில்களில் நிற்கவும் இடமில்லை. உணவுப் பொருள் தேடி மக்கள் நெடுந்தொலைவு சைக்கிளை மிதித்துச் சென்றனர். அதனைக் கண்ட ஹோண்டா, இராணுவத்தார் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் ஆக்கப் பயன்படுத்திக் கைவிட்ட சிறு இயந்திரங்களை வாங்கி, 1946ஆம் ஆண்டில் அவற்றைச் சைக்கிளில் பொருத்தத் தொடங்கினார். எண்ணெய் நிரப்பத் தக்க கலம் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்குவதற்கு வீட்டில் வைத்திருந்த வெந்நீர்க் கலத்தையே எடுத்து முதல் வண்டியில் கட்டினார்.

அவ்வண்டியை ஓட்டிப் பார்த்தவருள் ஒருவர் அவருடைய மனைவியார் சாச்சி அம்மையார். தாம் மிதித்துத் துன்புறுவதைக் காணப் பொறாமல் அதனைச் செய்ததாகக் கணவர் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டதை அம்மையார் அவ்வளவாக நம்பவில்லை. பெண் ஒருத்தியால் இதனை ஓட்ட இயலுமா என்று அறிவதே அவர் நோக்கம் என்றும், சோதனைக்குத் தாம் அகப்பட்டதாகவும் அவர் நகைச்சுவையோடு நினைவு கூர்ந்துள்ளார். மக்கள் நெருங்கிய பெருந்தெருவில் செல்ல வேண்டியிருந்தமையால் தம்மிடம் இருந்தவற்றுள் நல்ல உடையை உடுத்துக்கொண்டு புறப்பட்டார். சுற்றி வந்து இறங்கியபோது உடை முழுவதும் எண்ணெய்க் கறை. இவ்வாறு இருந்தால் வாங்கியவர்கள் திரும்பி வந்து திட்டுவார்கள் என்று கணவரிடம் சொன்னார். எதிர்மொழி கேட்டால் சினக்கும் இயல்புடைய ஹோண்டா, அன்று மட்டும் வாய்திறவாது சிந்தித்தார். பிழை, எண்ணெயையும் காற்றையும் கலக்கும் கார்ப்யுரேட்டரில் இருந்தது. அது திருத்தப்பட்டது. ஒரு பெண்மணியின் உடையிற் படிந்த கறை, நூறு பக்க அறிக்கை செய்யும் வேலையைச் செய்து முடித்தது!

1948ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், 34 பேருடன் ஹோண்டா நிறுவனம் முறைப்படி தோன்றியது. அடுத்த ஆண்டில் தாக்கியோ புஜிசாவா என்பவர் வந்து சேர்ந்தார். இயந்திரம் ஹோண்டாவின் பொறுப்பு; பணமும் விற்பனையும் புஜிசாவாவின் பொறுப்பு. ஜப்பானியரிடையே கையொப்பத்துக்கு நிகரானது முத்திரை. நிறுவனத் தலைவரின் அம்முத்திரையைக் கூட ஹோண்டா தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் நண்பரிடமே ஒப்படைத்துவிட்டார். ஒருவர்மேல் மற்றவர் வைத்த நம்பிக்கை அத்தகையது. மோட்டார் சைக்கிளில் பின்னே அமர்பவர், வளைவில் ஓட்டுபவரோடு சேர்ந்து சாய்தல் வேண்டும். அஞ்சி எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இருவருக்கும் கேடு. பங்காளிகள் பிணங்கியமையால் சாய்ந்து போன வாணிகங்களை எண்ணுவோர் இதனையும் எண்ணுவாராக.

அந்நிறுவனத்தின் முதற் பெருஞ்சோதனை 1951ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் நிகழ்ந்தது. ஹக்கோனே என்பது செங்குத்தான மலைவழி. அக்காலத்தில் அதில் ஏறும் லாரிகள் இயந்திரம் கொதித்து, இடையிடையே நின்று ஆறிச் செல்வது வழக்கம். புதிதாகச் செய்த 146 சி.சி. இயந்திரம் பூட்டிய வண்டியை அம்மலைமேல் ஏற்றிப் பார்ப்பது என முடிவாயிற்று. ஏறி ஓட்டியவர் கூலிக்கு அமர்த்திய ஓட்டுநர் அல்லர். அவ்வியந்திரத்தின் வரைபடத்தை உருவாக்கிய கியோஷி கவாஷிமா என்னும் 23 வயது இளைஞரே ஓட்டினார். அன்று கடும்புயல் மழை. ஹோண்டாவும் புஜிசாவாவும் காரில் பின்தொடர்ந்தனர். ஆனால் மலைவழியில் மோட்டார் சைக்கிளை அவர்களால் எட்டிப் பிடிக்க இயலவில்லை. உச்சியில், கீழே ஏரி தோன்றும் இடத்தில், நனைந்து காத்து நின்றார் கவாஷிமா. மூவரும் மகிழ்ச்சியால் மெய்ம்மறந்தனர்.

தாம் வரைந்த கோட்டின்மேல் தம் உயிரையே ஏற்றி வைத்து மலையேறிய அவ்விளைஞரின் செயல் எண்ணத் தக்கது. மேசையருகே அமர்ந்து வரைபவனுக்கு ஒரு திருகாணி என்பது தாளின்மேல் ஒரு புள்ளி. மழையில், வழுக்கும் வளைவில், அதே திருகாணி அவன் உயிரைத் தாங்கும் பொருளாகிறது. தான் ஏற வேண்டிய வண்டி என்று அறிந்தவன் வரையும்போதே கை வேறு விதமாக இயங்கும்.

வெற்றிகள் தொடர்ந்து வந்தன என்று எண்ணலாகாது. 1954ஆம் ஆண்டில் நிறுவனம் மூடப்படும் நிலைக்கே வந்துவிட்டது. ஜூனோ என்ற பெயரில் வெளியிட்ட ஸ்கூட்டர், பார்வைக்கு அழகியது, ஆனால் கனத்தது. மூடிய உறைக்குள் இயந்திரம் காற்றின்றிக் கொதித்தது. வேறு வண்டிகளிலும் பழுதுகள் தோன்றின. வெளிநாட்டிலிருந்து தருவித்த பொறிகளுக்குப் பெருந்தொகை செலவாகியிருந்தது. இந்நிலையில்தான், பிரிட்டனை அடுத்துள்ள மான் தீவில் நிகழும் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தாம் கலந்துகொள்ளப் போவதாக ஹோண்டா அறிவித்தார்! அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நேரிற் சென்று பார்த்தவர் திகைத்துப் போனார். ஒரே அளவுள்ள இயந்திரத்தில் ஐரோப்பியர் பெற்ற ஆற்றல், தம்முடைய வண்டியின் ஆற்றலைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. மனம் சோர்ந்து திரும்புதற்கு மாறாக, உதிரி உறுப்புகளை விலைக்கு வாங்கிச் சுமந்துகொண்டு திரும்பினார். பணநெருக்கடியைப் புஜிசாவா வங்கியின் துணைகொண்டு ஒருவாறு தீர்த்தார். ஐந்தாண்டு கழித்து, 1959ஆம் ஆண்டு, ஹோண்டா வண்டிகள் அத்தீவில் ஓடின. அணிக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் ஹக்கோனே மலை ஏறிய அதே கியோஷி கவாஷிமா. 125 சி.சி. பிரிவில் கிடைத்த இடங்கள் 6, 7, 8, 11. அத்துடன் அணிக்குரிய பரிசும் கிடைத்தது. 1961ஆம் ஆண்டிலோ 125 சி.சி., 250 சி.சி. என்னும் இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களையும் அவர்களே பெற்றனர்.

பந்தயத்தைப் பாராட்டுவோர் பலர். ஆயினும் அந்நிறுவனத்துக்கு நிலைத்த வாழ்வளித்தது பந்தய வண்டி அன்று. சிற்றுண்டிக் கடைப் பையனுக்காக எண்ணிச் செய்த சிறு வண்டி. ஜப்பானில் சேமியா போன்ற நீண்ட இழைகளாலான சோபா என்னும் உணவை வீடுதோறும் கொண்டு கொடுக்கும் ஏவலாளர், அடுக்கிய தட்டுகளை ஒரு கையால் தாங்கி, மறு கையால் சைக்கிளைச் செலுத்தி வந்தனர். அத்தகையவன் ஒரு கையால் ஓட்டத்தக்க மோட்டார் வண்டி வேண்டும் என்பது புஜிசாவா கேட்ட கேள்வி. அக்கால வண்டிகளிலோ இடக்கை எந்நேரமும் கிளட்ச் பிடியைப் பற்றியிருத்தல் வேண்டும். பிடியையே நீக்கிவிட்டுத் தானே இயங்கும் கிளட்சை அமைத்தார் ஹோண்டா. கியரை மாற்றக் கால் ஒன்றே போதும். மண்சாலைச் சேறு தெறிக்காதபடி கால்களுக்கு முன்னே மறைப்பு. பெண்டிர் எளிதில் ஏறத் தாழ்ந்த நடுப்பகுதி. சூப்பர் கப் என்னும் பெயரோடு 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது வெளிவந்தது. விலை 55,000 யென். இயந்திரம் 50 சி.சி.

இவ்வண்டி அமெரிக்காவில் நிகழ்த்திய விந்தையே இவ்வரலாற்றில் சுவைமிக்க பகுதி. 1959ஆம் ஆண்டு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹோண்டா நிறுவனம் தன் கிளையைத் தொடங்கியது. அதற்குத் தலைவராகச் சென்றவர் கிஹாச்சிரோ கவாஷிமா. பெயர் ஒற்றுமையால் இவரையும் மலையேறிய கவாஷிமாவையும் ஒருவராகக் கொண்டு மயங்குவோர் உண்டு. இருவரும் வேறு வேறு மனிதர். அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலமாகையால், ஜப்பானிய அரசு 2,50,000 டாலர் முதலுக்கே இசைவு அளித்தது. அதிலும் ரொக்கம் 1,10,000 டாலர்தான். சென்றவர்கள் மாதம் 80 டாலர் வாடகையில் ஒரே குடியிருப்பில் தங்கினர். இருவர் தரையிற் படுத்தனர். கிடங்கைத் தாமே பெருக்கினர். வண்டிப் பெட்டிகளைத் தம் கைகளாலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர்.

அமெரிக்கர் பெரியனவற்றை விரும்புவோர். ஆதலால் 250 சி.சி., 305 சி.சி. வண்டிகளே விலைபோகும் என்பது அவர்கள் கணக்கு. 50 சி.சி. வண்டியைப் பெரிதாக எடுத்துக் காட்டினால் நகையாடுவர் என்று அஞ்சினர். எனினும், கார் வாங்கப் பணமில்லாத காரணத்தால், கடைக்கும் அஞ்சலகத்துக்கும் தாங்கள் செல்வதற்கு அச்சிறு வண்டிகளையே பயன்படுத்தினர். தெருவில் நிறுத்திய இடமெல்லாம் மக்கள் கூடி வினவினர். சியர்ஸ் என்னும் பெருங்கடைக்குப் பொருள் வாங்கும் அலுவலர் ஒருவரும் அதனைக் குறித்து விசாரித்தார். வந்தவர்கள் அப்போதும் தம் கணக்கை விடவில்லை.

மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுவோர்க்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: பார்வை எங்கே செல்கிறதோ வண்டியும் அங்கே செல்லும் என்பது. பள்ளத்தையே நோக்கிக்கொண்டு செல்பவன் பள்ளத்திலேயே விழுவான். வளைவில் திரும்புவோன் அதன் அப்புறத்தை நோக்குதல் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தவர்களின் பார்வை பெரிய வண்டியின்மீதே நிலைத்திருந்தது. அதன் பயன் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தெரிந்தது. அமெரிக்கர் ஜப்பானியரினும் நெடுந்தொலைவும் மிகு விரைவும் ஓட்டினர். அதனைத் தாங்காமல் பெரிய வண்டிகளில் எண்ணெய் ஒழுகிற்று, கிளட்ச் பழுதுற்றது. இருந்த சிறு பணத்தையும் செலவிட்டுப் பழுதான வண்டிகளை விமானத்தில் தாய்நாட்டுக்கு அனுப்பினர். சோதனைச்சாலையில் இரவு பகலாக ஆராய்ந்து, ஒரு திங்களுக்குள் புதிய உறுப்புகளை அமைத்தனர். ஆனால் அத்திங்களுக்குள் விற்பதற்கு வேறு யாது உள்ளது? தாங்கள் நாள்தோறும் ஏறிச் சென்ற சிறு வண்டிதான்.

வேறு வழியின்றியே அதனை முன்வைத்தனர் என்பதை மறைத்தல் வேண்டா. வைத்தவுடன் விற்பனை பெருகிற்று. வாங்க வந்தோர் பழைய மோட்டார் சைக்கிள் கடைக்காரர் அல்லர். விளையாட்டுப் பொருள் விற்கும் கடைக்காரர். தோலுடை அணிந்த முரடர்க்கே உரியது மோட்டார் சைக்கிள் என்னும் எண்ணம் அந்நாட்டில் பரவியிருந்தது. நல்ல மனிதர் பலரை ஹோண்டாவின்மேல் காணலாம் என்னும் கருத்துடைய விளம்பரம் 1963ஆம் ஆண்டு வெளிவந்து அவ்வெண்ணத்தை மாற்றியது. அவ்விளம்பரத்துக்கு வித்திட்டது, கல்லூரி மாணவர் ஒருவர் வகுப்புக்காகச் செய்த பயிற்சி வேலை. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற மோட்டார் சைக்கிள்களுள் ஏறத்தாழ இரண்டில் ஒன்று ஹோண்டாவுடையது.

இவ்வெற்றியின் காரணத்தை அறிஞர் ஆராய்ந்த விதமும் அறியத் தக்கது. ஒரு காலத்தில் உலகுக்கே மோட்டார் சைக்கிள் அளித்த பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் நலிந்தபோது, அந்நாட்டு அரசு ஆராய்ச்சிக் குழு ஒன்றை நாடியது. 1975ஆம் ஆண்டு வந்த அறிக்கை, ஜப்பானியர் பெருந்தொகையாக உற்பத்தி செய்து செலவைக் குறைத்து, சிறு வண்டியிலிருந்து பெரிய வண்டிக்குத் திட்டமிட்டு முன்னேறினர் என்று தெளிவுற எடுத்துரைத்தது. ரிச்சர்டு பாஸ்கேல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், அமெரிக்காவுக்குச் சென்றிருந்தவர்களையே நேரில் கண்டு கேட்டு, 1984ஆம் ஆண்டு தம் கட்டுரையை வெளியிட்டார். தரையிற் படுத்ததும், பெரிய வண்டி பழுதானதும், வேறு வழியின்றிச் சிறு வண்டியை விற்றதும் அப்போதுதான் உலகுக்குத் தெரியவந்தன. முதல் அறிக்கை முற்றும் பொய் என்று தள்ளுதல் தகாது. மலிவாகச் செய்யும் ஆற்றல் இல்லாவிடில் பெருகிய தேவையை நிறைவேற்ற இயலாது. ஆனால் முடிந்தபின் வரைந்த வழிப்படத்தை, முன்னரே கையில் வைத்திருந்த வழிப்படம் என்று கருதியது அவ்வறிக்கையின் பிழை. வண்டியில் செல்வோனுக்கு முன்னே தெரிவது அடுத்த வளைவு வரையிலுமே அன்றோ?

சூப்பர் கப் வகை வண்டிகளின் தொகை 2017ஆம் ஆண்டில் 10 கோடியை எட்டியது. அதனை உண்டாக்கிய இருவரும் தலைமையில் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. 1973ஆம் ஆண்டு ஹோண்டாவும் புஜிசாவாவும் ஒருசேரப் பதவி விலகினர். ஹோண்டா தம் மக்களையோ உறவினரையோ அவ்விடத்தில் அமர்த்தவில்லை. அவருக்குப்பின் நிறுவனத் தலைவராக அமர்ந்தவர், 22 ஆண்டுகளுக்கு முன் ஹக்கோனே மலையுச்சியில் மழையில் நனைந்தபடி அவர்களுக்காகக் காத்து நின்ற கியோஷி கவாஷிமா. அப்போது அவருக்கு வயது 45.